கரண்டு வந்த நேரம்

எந்தத் தையல் அறைக்குள் போனாலும் நான் முதலில் குனிந்து மேசைக்கு அடியில் பார்ப்பேன். சுவிட்ச் எங்கே இருக்கிறது, உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டுகிறதா, பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்று. இப்போது நான் டவுனில் ஒரு சிறிய பயிற்சி நிலையத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வகுப்பில் துணியைத் தொடவே விடுவதில்லை. மெஷினை ஓட்டி, சுவிட்சை அணைத்து, மோட்டார் முழுதாக அடங்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கச் சொல்வேன். அணைத்த பிறகும் மோட்டார் கொஞ்ச நேரம் தன் வேகத்திலேயே சுற்றும். அப்போது கால் பெடலில் பட்டால் ஊசி இறங்கிவிடும். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பார்கள். "டீச்சர், தைக்க வந்தமா, தியானம் பண்ண வந்தமா?" என்று ஒருத்தி கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன். காரணம் சொல்ல ஆரம்பித்தால் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பிறவியிலேயே காது கேட்காது. டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் பிறந்தோம். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். அக்காவைக் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தார்கள். அது தூரத்து ஊரில், தங்கிப் படிக்கும் இடம். அங்கே அவள் சாப்பிடாமல் கிடந்து காய்ச்சல் கண்டு மெலிந்துபோக, அம்மா போய்த் திரும்பக் கூட்டி வந்துவிட்டாள். அதனால் எங்களிடம் இருந்தது பள்ளிக்கூடத்துக் கைமொழி இல்லை. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே, மூன்று பேருக்கு நடுவில் உண்டான மொழி.

அம்மா என்றால் அக்கா ஆட்காட்டி விரலால் மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொடுவாள். நான் என்றால் அதே விரலால் தன் புருவத்தின்மேல் ஒரு சின்னக் கோடு. வாசற்படியில் விழுந்து நான் வாங்கிய தழும்பு எனக்கு அங்கே இருக்கிறது. மலையில் நின்று வேலை வாங்கும் கண்டாக்கையாவுக்குத் தொப்பியைச் சரிசெய்வதுபோல ஒரு கை. மழைக்கு, மாட்டுக்கு, பசிக்கு, பொய்க்கு எல்லாவற்றுக்கும் ஒரு கை இருந்தது. எனக்கு அது அவளுடைய குரல்தான். கோபம் வந்தால் விரல்கள் விறைத்து வெட்டி வெட்டிப் பேசும். தூக்கம் வந்தால் குழறும். லயத்துப் பிள்ளைகளைப் பற்றி அவர்கள் எதிரிலேயே நாங்கள் பேசிச் சிரிப்போம். அவர்களும் என்னவென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள்.

பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்டில் பல வருடம் மெக்கானிக்காக இருந்தார். அந்த இடம் மூடப்பட்டபோது, அங்கே கழித்துப்போட்ட பவர் தையல் மெஷின்களில் சிலவற்றை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார். நாங்கள் அவரை மெக்கானிக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முன்பு வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது. தோட்டத்து மேனேஜர் தொரையிடம் பேசி அதை வாங்கி, கூரைத் தகரம் மாற்றி, சுவருக்கு நீலம் அடித்து, மெஷின்களை இரண்டு வரிசையாகப் போட்டார். பாடசாலைச் சட்டை, தலையணை உறை, பிறகு முகக்கவசம் என்று வேலை வந்தது. கொழுந்துக் கூடையைச் சுமக்காமல் கூரைக்கடியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் எங்கள் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் அதில் ஆசை.

அக்கா கைமெஷினில் தைத்த ஒரு பாவாடையைப் பார்த்துவிட்டு அவரே வீடு தேடி வந்து அவளை வேலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். அம்மாவுக்குப் பயம்.

"காது கேக்காத புள்ள தம்பி. கரண்டு மெஷின்ல ஒண்ணும் ஆயிடாதே?"

"நான் பாத்துக்குறேன் அக்கா. தங்கச்சியும் கூட வரட்டும். நான் சொல்றத அது கையால சொல்லட்டும்."

அப்படித்தான் நானும் அந்த வேலைக்குப் போனேன். முதல் நாள் அவர் அக்காவை மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்து, மேசையின் கீழே வலது பக்கம் இருந்த பெட்டியைக் காட்டினார். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டு பொத்தான்கள்.

"கரண்டு போனா இது தானா விழுந்துரும். திரும்பி கரண்டு வந்தாலும் மெஷின் எழும்பாது. நாம பச்சைய அமுக்கினாத்தான் எழும்பும். இத மட்டும் நல்லா சொல்லிக் குடு" என்றார் என்னிடம்.

நான் சொன்னேன். அவள் பச்சையை அமுக்கினாள், சிவப்பை அமுக்கினாள், மறுபடி பச்சையை அமுக்கினாள். பிறகு உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பலகையில் நடுக்கம் இருந்தால் மோட்டார் ஓடுகிறது. இல்லாவிட்டால் இல்லை. யாரும் சொல்லித் தராமல் அவளாகவே கண்டுபிடித்தாள். அந்த அறையில் மோட்டார் அடங்கிவிட்டதா என்று நிதானமாகப் பார்த்து ஊசியைத் தொடுபவள் அவள் ஒருத்திதான். எங்களுக்கெல்லாம் அவசரம்.

பிறகு நாட்டில் எதுவும் இல்லாமல் போன அந்த வருடம் வந்தது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. ஒரு நாளில் பாதிக்குக் கரண்டு இல்லை. இருக்கும் கரண்டும் சில நேரம் பல்பு மங்கிச் சிவக்கும் அளவுக்குத்தான் வரும், சில நேரம் அடித்துக்கொண்டு வரும். அந்தப் பொத்தான் பெட்டிகளுக்குள் இருந்த கம்பிச் சுருள்கள் ஒவ்வொன்றாகக் கருகின. அண்ணன் ஹட்டனுக்குப் போனார், நுவரெலியாவுக்குப் போனார். எல்லாக் கடையிலும் சாமான் வருவதில்லை என்ற ஒரே பதில்தான். அறைக்குள் பாதி மெஷின் நின்றுவிட்டது. ஆர்டர் கொடுத்தவர் போன் மேல் போன் எடுத்தார்.

ஒரு காலையில் நாங்கள் போனபோது சுவரில் ஒரு மரப்பலகை அறைந்திருந்தது. அதில் வீட்டில் லைட் போடும் சாதாரண சுவிட்சுகள். இரண்டு மெஷினுக்கு ஒரு சுவிட்ச் என்று வயர் இழுத்திருந்தார். எல்லா மெஷினும் மறுபடி ஓடின. அண்ணன் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"இந்த சுவிட்ச் தானா விழாது. கரண்டு போச்சுன்னா ஒடனே எழும்பி வந்து அணைச்சுடணும். வெளங்குதா? சாமான் கெடைச்ச ஒடனே நான் பழையபடி மாத்திடுறேன்."

நான் அதை அக்காவுக்குக் கையால் சொன்னேன். அவள் பலகையைப் பார்த்தாள், தன் இருக்கையைப் பார்த்தாள். தூரம் என்று கை காட்டினாள். அவ்வளவுதான். யாருக்கும் எதிர்த்துச் சொல்லத் தோன்றவில்லை. வீட்டில் அரிசிக்கே தட்டுப்பாடாக இருந்த நேரத்தில் மெஷின் ஓடுகிறதே என்றுதான் இருந்தது.

சில வாரம் அப்படி ஓடியது. கரண்டு வெட்டும் நேரம் முன்கூட்டியே தெரியும் என்பதால், நேரம் நெருங்கும்போதே யாராவது எழுந்துபோய் அணைத்துவிடுவார்கள்.

அன்று காலையிலிருந்தே காற்று. ஆடி மாதக் காற்றில் எங்கள் மலை முழுதும் இரைந்துகொண்டிருக்கும். பாடசாலைச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தோம். பகல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கரண்டு போனது. வெட்டும் நேரம் அல்ல. எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கும் என்று பேசிக்கொண்டோம். "சரி, இனி பொழுதுசாயத்தான் வரும்" என்றாள் ஒருத்தி. சிலர் வாசலுக்குப் போய் சவுக்கு மரங்கள் வளைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வெட்டு மேசையில் காலர்களைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் அண்ணன் ஸ்டோர் அறையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். சுவிட்ச் பலகை துணிச் சுருள்களுக்குப் பின்னால் இருந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை.

அக்கா மட்டும் எழும்பவில்லை. அவளுடைய மெஷினில் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நூல் சுற்றியிருந்தது. மெஷின் இழுத்து இழுத்து ஓடுகிறது என்று காலையிலேயே என்னிடம் கை காட்டியிருந்தாள். பெல்ட்டின் மூடி ஆணி கழன்று கடகடவென்று ஆடியதால், அதைக் கழற்றிச் சன்னல் விளிம்பில் வைத்திருந்தார்கள். கரண்டு இல்லாத நேரத்தில் நூலை எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அந்த மெஷின்களில் பெடலை மிதிக்காவிட்டால் மோட்டாரின் பிரேக் பிடித்திருக்கும், சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாது. அதனால் பெடலைக் காலால் அழுத்திக்கொண்டே ஒரு கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றி, மறு கை விரல்களால் நூலை இழுத்து எடுப்போம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். அவளும் அப்படித்தான் குனிந்து செய்துகொண்டிருந்தாள்.

கரண்டு வந்தது. எங்களுக்கு அது சத்தமாக வந்தது. மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக முனகின. மூலையில் ரேடியோ பாதிப் பேச்சிலிருந்து தொடங்கியது. "அட, வந்துருச்சு" என்று வாசலில் யாரோ சொன்னார்கள். பகல் வெளிச்சத்தில் பல்பு எரிந்தது அவளுக்குத் தெரிந்திருக்காது. கை சக்கரத்தில் இருந்ததால் மேசைப் பலகையின் நடுக்கத்தையும் அவள் உணரவில்லை. கால் பெடலை அழுத்தியபடியே இருந்தது.

நான் "கைய எடு" என்று கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்பது கத்திய பிறகுதான் உறைத்தது.

அக்காவின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சிரிக்கும்போது வரும் சின்ன மூச்சொலியைத் தவிர அவளிடமிருந்து நான் எதையும் கேட்டதில்லை. அது நீளமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. ஸ்டோர் அறையிலிருந்து ஓடிவந்த அண்ணன் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். அதற்குள் அவள் காலை எடுத்திருந்தாள். பிரேக் பிடித்து பெல்ட் அப்படியே நின்றுவிட்டது, விரல்களை உள்ளே வைத்துக்கொண்டு. அண்ணன் துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்து பெல்ட்டை வெட்டினார். தடிப்பான பெல்ட், ஒரே வெட்டில் அறுபடவில்லை. நான் அக்காவின் முகத்தை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பார்க்கவிடாமல் செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வலது கை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும்.

தைக்க வைத்திருந்த வெள்ளைத் துணியால் சுற்றினோம். பக்கத்தில் இருந்த முச்சக்கர வண்டியில் பெற்றோல் இல்லை. ஒருவர் தன் மோட்டார் சைக்கிளின் டாங்கியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து அதில் ஊற்றினார். அவருக்கு அந்த வாரம் முழுவதற்கும் இருந்தது அவ்வளவுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். கிட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, வலிக்கு ஊசி குத்தி, அங்கிருந்த வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழி முழுக்க அக்கா இடது கையால் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். இடது கை பழக்கமில்லாத கை. பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கியவரை, மெஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டாள். சட்டையில் இரத்தம் பட்டிருக்கும், அலசச் சொல் என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் பேசினார். நல்ல மனிதர், இளவயது, கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. கையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"எங்கிலி தெக்க பேரகன்ன பே, நங்கி" என்றார். இரண்டு விரலையும் காப்பாற்ற முடியாது தங்கச்சி என்று. எலும்பு நொறுங்கிவிட்டது, விட்டால் மற்ற விரல்களுக்கும் கேடு வரும், இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். அவளுக்கு விளங்கும்படி சொல்லிச் சம்மதம் கேளுங்கள் என்றார்.

நான் திரும்பிக் கட்டிலுக்குப் போனேன். அக்கா என் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். எங்கள் மொழியில் வெட்டுவதற்கு ஒரு கைதான் உண்டு. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, கத்தரிபோலத் திறந்து மூடுவது. நாள் முழுக்க நூல் வெட்டு, துணி வெட்டு என்று நாங்கள் காட்டிக்கொண்டிருந்த கை. வேறு எப்படியாவது சொல்ல முடியுமா என்று யோசித்தேன். நேரம் ஆக ஆக அவள் முகம் மாறிக்கொண்டே போனது. கடைசியில் என் இரண்டு விரல்களை நீட்டினேன். திறந்து மூடினேன். பிறகு அவள் கையில் போட்டிருந்த கட்டைத் தொட்டேன்.

அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையை நீட்டி அந்த இரண்டு விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

டொக்டர் கேட்டார், "கெமதித?" சம்மதமா என்று. நான் "கெமதி" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் பேசவில்லை. அக்காவைக் கட்டியவர், கொழும்பில் கடையில் வேலை செய்த அத்தான், பஸ் இல்லாமல் லொறியிலும் நடையிலுமாக வந்து சேர்ந்தார். அவரிடமும் பேசவில்லை. வலது கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். இடது கையால் தண்ணீர், சாப்பாடு என்று தேவையானதை மட்டும் காட்டுவாள். அம்மா வேலையிலிருந்து வந்ததும் மூக்குத்தியைத் தொட்டுக் கூப்பிடுவது அவள் வழக்கம். அதுவும் நின்றது. அம்மா அடுப்படியில் இருந்துகொண்டு வேண்டுமென்றே கதவுப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், கூப்பிடுகிறாளா என்று.

"வாய் இல்லாத புள்ளைக்கு கையத்தானேடி சாமி குடுத்திருந்துச்சு" என்று அம்மா ஒரு தடவை என்னிடம் சொன்னாள்.

மெக்கானிக் அண்ணன் அடிக்கடி வருவார். உள்ளே வரமாட்டார். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அம்மா அவரைப் பார்க்கமாட்டாள். ஒரு நாள் அம்மாவே வெளியே போய் நின்றாள்.

"பாத்துக்குறேன்னு சொன்னியே தம்பி."

"சொன்னேன் அக்கா."

"அந்த சுவிட்ச் ஆகாதுன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அம்மா அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். தெரியாது என்றோ, நாட்டு நிலைமை என்றோ சொல்வார், அப்போது ஏசலாம் என்று சேர்த்து வைத்திருந்திருப்பாள். உள்ளே வந்து அடுப்பில் விறகைத் தள்ளினாள். அக்கா இதையெல்லாம் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பிப் போய் அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தாள், இடது கையால். அவர் அதை வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

தையல் அறையை அவர் பூட்டிவிட்டார். பெற்றோல் கொஞ்சம் கிடைக்கத் தொடங்கியதும் கொழும்புக்குப் போய், பல நாள் பழைய சாமான் கடைகளில் அலைந்து, பொத்தான் பெட்டிகளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக, வலது கை எட்டும் இடத்தில் பொருத்தினார். கூரைத் தகரத்தை வெட்டி வளைத்து எல்லா பெல்ட்டுக்கும் மூடி செய்தார். ஒவ்வொரு மெஷினிலிருந்தும் நிலத்துக்கு எர்த் வயர் இறக்கினார். சுவரில் இருந்த பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்ததாக அவர் மனைவி சொன்னார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, மறுபடி திறக்குமுன் அக்கா வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார். வரமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் சால்வையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அக்கா தன் பழைய மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அண்ணன் பச்சையை அமுக்கினார், மோட்டார் எழும்பியது. அவர் ஓடிப்போய் மெயினை இழுத்துவிட்டு, திரும்பவும் போட்டார். பல்பு எரிந்தது. மெஷின் எழும்பவில்லை. "பாத்தீங்களா, செத்தாப்ல கெடக்கு. நாம அமுக்காம எழும்பாது" என்றார். மறுபடியும் செய்து காட்டினார். அதற்குப் பிறகும் ஒரு முறை. அவருக்கு மூச்சு வாங்கியது.

அக்கா இடது உள்ளங்கையை மேசைமேல் வைத்திருந்தாள். பிறகு அதை எடுத்து என்னைப் பார்த்துப் பேசினாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான். இடது கையில், தட்டுத் தடுமாறி.

"என்னா சொல்றாங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"நல்லாருக்காம்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "இல்ல. எனக்கு வெளங்கிருச்சு" என்றார். "இத ஏன் முன்னுக்கே செய்யலன்னு கேக்குறாங்க."

இத்தனை காலம் அவளைத் தைக்கவைத்தவருக்கு அவள் கை கொஞ்சம் பழகியிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா அவர் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். எங்கள் மொழியில் அதற்கு, இல்லை என்று அர்த்தம். அவர் என்ன நினைத்துக் காட்டினாரோ தெரியாது. அக்கா எழும்பி, மெஷினின் தலையில் படிந்திருந்த தூசியைச் சால்வை முனையால் துடைத்துவிட்டு வெளியே போனாள். அதன் பிறகு அவள் அந்த அறைக்குள் போகவில்லை.

அறை மறுபடி திறந்தது, இன்றும் ஓடுகிறது. அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நான் ஒரு வருடம் இருந்துவிட்டு டவுனுக்கு வந்தேன். அக்காவுக்குக் கொழுந்து பறிக்கவும் முடியாது. தளிரைக் கிள்ளுவதற்கு வேண்டிய விரல்களும் அவைதானே. இப்போது ஒரு மரக்கறித் தோட்டத்தில் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸைக் கழுவிக் கட்டுகிறாள். குளிர் காலையில் தண்ணீரில் நிற்கும்போது, இல்லாத விரல்கள் வலிக்கின்றன என்று ஒருமுறை சொன்னாள். இல்லாதது எப்படி வலிக்கும் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. அந்தப் பிள்ளைக்காகத்தான் அக்கா வலது கையைச் சால்வைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும். அப்பாவிடமும் அம்மாச்சியிடமும் வாயால் பேசும், அம்மாவிடம் கையால் பேசும். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது அது வாசலில் நின்று, மழை வருகிறது என்று அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு எங்கள் மொழியில் ஐந்து விரலும் மேலிருந்து உதிர்ந்து வர வேண்டும். பிள்ளை ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே மடித்துக்கொண்டு, மீதி மூன்று விரலால் மழை பெய்யவைத்தது.

நான் அதைப் பக்கத்தில் இழுத்து, மடித்த இரண்டு விரலையும் மெல்ல நீட்டிவிட்டேன். "இப்பிடி செய்யணும் கண்ணு, எல்லா வெரலும்" என்றேன்.

பிள்ளை என் கையைப் பார்த்தது. அம்மாவின் கையைப் பார்த்தது. "அம்மா இப்பிடித்தான் சித்தி செய்வாங்க" என்று சொல்லிவிட்டு விரல்களை மறுபடி மடித்துக்கொண்டது.

நாங்கள் என்ன பேசினோம் என்று அக்கா என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன். இந்த முறை எதையும் மாற்றாமல் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மழையில் நனையத் தொடங்கிய உடுப்புகளைக் கொடியிலிருந்து எடுக்கப் போனாள். நானும் கூடப் போனேன். கிளிப்புகளை நான் கழற்றிக் கொடுக்க, அவள் உடுப்புகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளை பள்ளிக்கூடம் போனால் அங்கே இப்படி விரலை மடித்துப் பேசுவதைப் பார்த்துச் சிரிப்பார்களா என்று நடுவில் கேட்டாள். சிரிக்கமாட்டார்கள் என்றேன். அவள் கடைசிச் சட்டையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.